மாதிரிக் கப்பலுக்குப் பலகை வளைத்தல்: சட்டம் சீவுவது முதல் கடைசி வரிசை வரை

மாதிரிக் கப்பல் கட்டப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பலகையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், வளைப்பதற்கு எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்பதைத்தான். ஆனால் அவர்கள் கட்டி முடித்த கப்பல் உடல்களை உற்றுப் பார்த்தால், பலகை ஒடிந்ததற்கும் விளிம்பு எழும்பியதற்கும் நடுவில் இடைவெளி விழுந்ததற்கும் காரணம் வளைப்பதற்கு முந்தைய படிகளிலேயே இருப்பது தெரியவரும். சட்டங்களைச் சீவாமல், வரிசைகளைப் பங்கிடாமல், பலகையைக் குறுக்காமல் நேராக வளைக்கத் தொடங்குபவர், மரத்துடன் கடைசிவரை மல்லுக்கட்ட நேரிடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியை அடிப்படையாகக் கொண்டது: பசை தடவும் முன்பே, விரல் நுனியால் தொட்ட அளவில் பலகை தன் இடத்தில் அமர வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் உட்காரும் பலகை இன்னும் தயாராகவில்லை என்று கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக 1:64 அளவில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் வகை உடலை எடுத்துக்கொள்கிறேன். நடுப்பலகையில் குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே அடுக்காக ஒட்டும் முறை இது. இரண்டு அடுக்கு கொண்ட உடலுக்கும் படிகளின் வரிசை மாறாது.

1. மரமும் கருவிகளும்

அசல் கப்பலில் சுமார் 10 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிமனும் கொண்ட பலகை, 1:64 அளவில் 4 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. தடிமனும் உடையதாகச் சுருங்கும். எனவே 1.5 மி.மீ. தடிமனுள்ள பட்டிகளை வாங்குவது பொருத்தமானது.

பழகுவதற்கு லைம் (எலுமிச்சை அன்று, லிண்டன் மரம்) அல்லது பாஸ்வுட் மரமே ஏற்றது. இவற்றின் நார் நெருக்கமாகவும் நேராகவும் இருப்பதால் சூட்டுக்கு நன்றாக இணங்கும். மாதிரிக் கப்பலுக்கான பாகங்களோடு விற்கப்படும் பெட்டிகளில் வரும் வால்நட் பட்டிகள் எளிதில் ஒடியக்கூடியவை. அவற்றை மெல்லிய இரண்டாம் அடுக்குக்கு ஒதுக்கிவிடலாம். பால்சா விரல் பட்டாலே குழியும் என்பதால் அதை இடைவெளியை நிரப்பும் கட்டைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

தேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1817இல் பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட ட்ரிங்கோமலி போன்ற தேக்குக் கப்பல்களை மாதிரியாகக் கட்டுபவர்களுக்கு, அதே மரத்தையே பயன்படுத்தினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தேக்கின் துளைகள் 64 மடங்கு சுருங்குவதில்லை. 4 மி.மீ. பலகையில் அவை பள்ளங்களாகத் தெரியும்; மரத்திலுள்ள எண்ணெய்ப் பசையால் ஒட்டுவதும் சிரமமாகும். தேக்கின் நிறம்தான் வேண்டுமென்றால், நெருங்கிய நாருள்ள மரத்துக்குச் சாயம் ஏற்றிக்கொள்வது நல்லது.

வாங்கிய பட்டிகளை உடனே தரம் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டியையும் பக்கவாட்டில் பார்த்து, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பாதியிலேயே விளிம்புக்கு வெளியே நழுவும் நார், வளைக்கும்போது மிகச் சரியாக அந்த இடத்தில் ஒடியும். அத்தகைய பட்டிகள் கப்பலின் நடுப்பகுதிக்குப் போதும். நேரான நாருள்ளவற்றை அணியத்துக்கும் (கப்பலின் முன்முனைக்கும்) பின்புறத்துக்கும் எடுத்துவைக்க வேண்டும்.

கருவிகளில் கூரான கத்தி, சிறிய இழைப்புளி, இரும்பு அளவுகோல், கிளாம்புகள், ஹேர் டிரையர், 80 முதல் 320 எண் வரையிலான உப்புத்தாள்கள், தடித்த ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். பலகையின் உட்புறத்தில் வரிசையாக வெட்டுக் குறி போட்டு வளைக்கும் இடுக்கி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது ஒவ்வொரு வெட்டிலும் பலகையை முறிக்கிறது. வளைவும் சீராக வராமல் கோணல் கோணலாக அமைகிறது. அதை வாங்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

2. சட்டங்களைச் சீவுதல்

முதலில் நடுப்பலகையை நேரான மேசைமேல் வைத்து, அது வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சட்டங்களை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ஒட்டி, அவற்றின் நடுவே குறுக்குக் கட்டைகளைக் கொடுத்து இறுக்க வேண்டும். இந்த நிலையில் அரை மி.மீ. சாய்ந்த சட்டம், பலகை போட்டு முடித்தபின் வெளிப்படையான வீக்கமாகவோ குழியாகவோ தெரியும்.

அட்டைபோல் வெட்டப்பட்ட சட்டத்தின் விளிம்பு சதுரமாக இருக்கும். அணியத்தை நோக்கி உடல் ஒடுங்குவதால், அங்குள்ள சட்டத்தில் பின்பக்க விளிம்பே உண்மையான அளவு. முன்பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவி எடுக்க வேண்டும். பின்புறச் சட்டங்களில் இது தலைகீழாகும்: முன்பக்க விளிம்பை விட்டுவிட்டுப் பின்பக்க விளிம்பைச் சீவ வேண்டும். விட்டுவைக்க வேண்டிய விளிம்பில் பென்சில் கோடு போட்டுக்கொண்டால், அந்தக் கோடு அழியத் தொடங்கும் இடத்தில் கை நின்றுவிடும்.

சீவும்போது உப்புத்தாளை வளையக்கூடிய நீளமான பட்டியில் ஒட்டி, எப்போதும் மூன்று சட்டங்களையாவது தொடும்படி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகத் தேய்த்தால், ஒன்றுக்கொன்று பொருந்தாத சாய்வுகள்தான் உருவாகும். இடையிடையே ஒரு பலகையை ரீப்பர்போல் சட்டங்களின்மேல் பல கோணங்களில் படியவைத்துப் பார்க்க வேண்டும். அது எல்லாச் சட்டங்களையும் முழு அகலத்தோடு தொடும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. இந்த ஒரு படிக்குச் செலவிடும் பொறுமை, பின்னால் வரும் ஒவ்வொரு பலகையிலும் பயன் தரும்.

அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களின் இடைவெளியில் பால்சாக் கட்டையை ஒட்டி, உடலின் வடிவுக்குச் செதுக்கிக்கொள்வது நல்லது. வளைவு மிகக் கூர்மையான இடத்தில் பலகைக்குத் தொடர்ச்சியான தாங்கல் கிடைக்கும்.

பின்கம்பத்தை (கப்பலின் பின்முனையில் செங்குத்தாக நிற்கும் கட்டையை) ஒட்டிய நடுப்பலகையைப் புதியவர்கள் அனேகமாக மறந்துவிடுவார்கள். நடுப்பலகை 5 மி.மீ. தடிமன் என்றால், இருபுறமும் 1.5 மி.மீ. பலகை சேரும்போது அது 8 மி.மீ. ஆகிவிடும், பின்கம்பமோ 5 மி.மீ. மட்டுமே. ஆகவே அந்தப் பகுதியை 2 மி.மீ. வரை சீவி மெலிதாக்கிவிட வேண்டும். ஏராவிலும் (உடலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) முன்கம்பத்திலும் (அணியத்தில் மேலெழும் கட்டை) பலகையின் விளிம்பு உட்கார ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். காடி இல்லாவிட்டால் ஒவ்வொரு பலகையின் நுனியையும் கத்திமுனைபோல் மெலிதாக்க நேரும். அந்த நுனி நிலைக்காது.

3. வரிசைகளைப் பங்கிடுதல்

கப்பலின் உடல் நடுவில் அகன்று, அணியத்தில் குறுகி, பின்புறத்தில் சில இடங்களில் விரிகிறது. எல்லா இடத்திலும் பலகை வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எனவே ஒவ்வொரு வரிசையின் அகலமும் இடத்துக்கு இடம் மாறியாக வேண்டும். 4 மி.மீ. பட்டியை அப்படியே ஒட்டிக்கொண்டு போனால், அணியத்தில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும்.

முதலில் உடலின் பக்கவாட்டில் ஓடும் தடித்த பலகை வரிசையின் இடத்தைக் குறித்து, அதை ஒட்டிவிட வேண்டும். அதன் கீழ் விளிம்புதான் மற்றெல்லா அளவுகளுக்கும் தொடக்கம். அந்த விளிம்பு ஒவ்வொரு சட்டத்திலும் இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

பிறகு மெல்லிய காகித நாடாவை ஒவ்வொரு சட்டத்தின்மேலும் அந்த விளிம்பிலிருந்து ஏராக் காடி வரை படியவைத்து நீளத்தைக் குறிக்க வேண்டும். நடுச்சட்டத்தில் 120 மி.மீ. வந்தால், 4 மி.மீ. பலகைக்கு 30 வரிசைகள் வேண்டும். அணியத்தில் 75 மி.மீ. வந்தால், அங்கே ஒரு வரிசைக்கு 2.5 மி.மீ. கிடைக்கிறது. பலகை தன் முழு அகலத்தில் பாதிக்கும் கீழே குறுகக் கூடாது என்பது பொதுவான விதி, 2.5 என்பது 2-ஐ விட அதிகம் என்பதால் இது சரி. பின்கம்பத்தில் 138 மி.மீ. வந்தால் ஒரு வரிசைக்கு 4.6 மி.மீ. ஆகும், 4 மி.மீ. பட்டியால் அதை நிரப்ப முடியாது. அங்கே கூடுதல் பலகை நுழைக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்கிறோம்.

முப்பது வரிசைகளையும் ஒரே மூச்சில் பங்கிடாமல், மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்வது நலம். பட்டைகளின் எல்லையில் கறுப்பு நூலை ஒட்டி, உடலை முன்னிருந்தும் பின்னிருந்தும் கீழிருந்தும் பார்க்க வேண்டும். நூலில் எங்காவது நெளிவு தெரிந்தால், கணக்கு என்ன சொன்னாலும் கண்ணுக்கு இசைவாக நகர்த்த வேண்டும். கணக்குக்கும் கண்ணுக்கும் முரண்பாடு வரும்போது கண்தான் சரி.

நீளத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். அணியத்திலிருந்து பின்கம்பம் வரை ஒரே பட்டியை ஒட்டுவது அசல் வழக்கமும் அன்று, வசதியும் அன்று. 24 அடிப் பலகை இந்த அளவில் 114 மி.மீ. வரும். குறுகிய பலகையில் ஒரே ஒரு வகை வளைவு மட்டும் இருக்கும் என்பதால் வேலை எளிதாகிறது. கெட்டுப்போனால் இழப்பும் சிறியது. ஒரு பலகையின் முனை அடுத்த பலகையின் முனையைச் சந்திக்கும் மூட்டுகள் எப்போதும் ஒரு சட்டத்தின் நடுவில்தான் விழ வேண்டும். ஒரே சட்டத்தில் இரண்டு மூட்டுகள் வருமானால், அவற்றுக்கு இடையே குறைந்தது மூன்று முழு வரிசைகள் இருக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் 5 அடியாவது, அதாவது 24 மி.மீ.யாவது விலகியிருக்க வேண்டும்.

4. பலகையைக் குறுக்குதல்

ஒவ்வொரு சட்டத்திலும் வரவேண்டிய அகலத்தைப் பலகையின்மேல் குறித்து, குறிகளை மெல்லிய கோட்டால் இணைத்து, இழைப்புளியால் சீவ வேண்டும். மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வரும்போது, மேல் விளிம்பைத் தொடவே கூடாது. கீழ் விளிம்பை மட்டும் சீவ வேண்டும். இரண்டு விளிம்புகளையும் சீவினால், முந்தைய பலகையோடு சேர வேண்டிய நேர்கோடு கெட்டுவிடும்.

இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உரிய பலகைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் சீவுவது நல்லது. இரு பக்கங்களும் ஒத்திருக்க இதைவிட எளிய வழி இல்லை.

வளைப்பதற்கு முன்பே குறுக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. குறுகிய பலகை குறைந்த விசையில் வளையும்; வளைந்த பலகையைத் தட்டையாகப் பிடித்துச் சீவ முடியாது.

5. பக்கவாட்டில் வளைத்தல்

இந்த வேலை முழுவதிலும் அதிகம் தவிர்க்கப்படும் படி இதுதான். மிகுந்த பயன் தருவதும் இதுதான். மேசைமேல் கிடத்திய பலகையை அதன் தட்டையான முகம் மேசையை விட்டு எழும்பாமல், விளிம்பின் திசையில் வாள்போல் வளைப்பதையே பக்கவளைவு என்கிறேன்.

நேரான பட்டியை அணியத்தின் வளைவில் சுற்றும்போது, அது தானாகவே முந்தைய பலகையின் பாதையை விட்டு விலகிப்போகிறது. அதைக் கட்டைவிரலால் தள்ளிப் பக்கத்துப் பலகையோடு சேர்த்தால், ஒரு விளிம்பு சட்டத்தை விட்டு எழும்பும். பலர் அந்த எழும்பலைப் பசையாலும் ஊசியாலும் அடக்கப் பார்க்கிறார்கள். பிறகு தேய்க்கும்போது அங்கே பலகை காகிதம்போல் மெலிந்துவிடுகிறது.

தேவையான வளைவை அளக்க, முந்தைய பலகையின் விளிம்பையும் அதற்குக் கீழுள்ள சட்டங்களையும் மூடுமாறு அகலமான ஒட்டு நாடாவை இழுக்காமல், சுருக்கம் விழாமல் படியவைக்க வேண்டும். அந்த விளிம்பைப் பென்சிலால் நாடாவில் பதித்து, நாடாவை உரித்து ஒரு தட்டையான பலகையில் ஒட்டினால், வேண்டிய வளைவு கண்முன் கிடைக்கும்.

பலகையின் ஒரு முனையை மேசையில் கிளாம்பால் பிடித்து, நடுவில் விளிம்பையொட்டி ஒரு கட்டையை நிறுத்தி, மறுமுனையைக் கோட்டுக்குச் சற்று அப்பால் வரை மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுப்பகுதி எழும்பாமலிருக்க மேலே ஒரு துண்டுப் பலகையை வைத்து இறுக்க வேண்டும். பிறகு ஹேர் டிரையரை முழுச் சூட்டில் 2 அல்லது 3 செ.மீ. தூரத்தில் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே ஓரிரு நிமிடம் காட்ட வேண்டும். பலகை முழுதாக ஆறும்வரை கிளாம்பைத் தளர்த்தக் கூடாது. வடிவத்தை நிலைநிறுத்துவது ஆறும் நேரம்தான். சூடாக இருக்கும்போதே எடுத்துப் பார்க்கிறவரிடம் அது பழைய நேருக்கே திரும்பிவிடும்.

4 மி.மீ. அகலமுள்ள லைம் பலகையில், 115 மி.மீ. நீளத்துக்கு 4 அல்லது 5 மி.மீ. பக்கவளைவைச் சிரமமின்றி ஏற்றலாம். அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டால் வளைக்க முயலாமல், அகலமான தகட்டுப் பலகையில் நாடாக் கோட்டைப் பதித்து அந்த வடிவிலேயே வெட்டி எடுக்க வேண்டும்.

6. அணியத்தைச் சுற்றி வளைத்தல்

மரத்தை வளைப்பது நீரின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை இளக்குவது சூடு. ஈரம் இருந்தால் அது குறைந்த சூட்டிலேயே இளகும், அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைப்பதால் பலகை அகலவாக்கில் உப்பும். அந்த நிலையில் ஒட்டினால், காய்ந்த பிறகு பலகைகளின் விளிம்புகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் மயிரிழை இடைவெளி திறந்துகொள்ளும். 1.5 மி.மீ. பலகைக்கு வெந்நீரில் 15 நிமிடம் போதும்; மிதமான வளைவுக்கு ஊறவைக்கவே தேவையில்லை. வீட்டு உபயோக அமோனியாக் கரைசலில் ஊறவைப்பது மரத்தின் நிறத்தைத்தான் மாற்றும். வளைவுக்கு வெந்நீரைவிட அது கூடுதலாக எதுவும் செய்வதில்லை.

வளையும் பலகையின் உட்புறம் அமுங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. சூடேறிய மரம் அமுங்குவதைப் பெருமளவு தாங்கும். இழுபடுவதை ஏறத்தாழ 2 விழுக்காடுவரைதான் தாங்கும். 1.5 மி.மீ. பலகையை 30 மி.மீ. ஆரமுள்ள அணியத்தில் சுற்றினால், வெளிப்புறம் 2.5 விழுக்காடு நீள வேண்டியிருக்கிறது. பலகை எப்போதும் வெளிப்பக்கத்தில் சிராய் எழுந்து ஒடிவதற்குக் காரணம் இதுவே. அத்தகைய இடத்தில் மெல்லிய தகரப் பட்டையைப் பலகையின் வெளிப்புறத்தில் வைத்து, இரண்டின் முனைகளையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு வளைத்தால், இழுவிசையைத் தகரம் ஏற்கும். பலகை உட்புறமாக அமுங்கி வளையும்.

கப்பலின் மேலேயே வைத்து வளைக்காமல், அதற்கென ஓர் அச்சுக்கட்டை செய்துகொள்ள வேண்டும். அணியத்தின் வளைவைக் காகிதத்தில் எடுத்து, அதைவிடச் சற்று நெருக்கமான வளைவாக ஒட்டுப்பலகையில் வெட்டி, மேசையில் பொருத்த வேண்டும். நெருக்கமாக வெட்டுவது ஏனென்றால், விடுவித்ததும் பலகை கொஞ்சம் மீளும். பக்கவளைவு ஏற்கெனவே ஏறிய பலகையை வெந்நீரிலிருந்து எடுத்து, முனையைக் கிளாம்பால் பிடித்து, அவசரமின்றிச் சுற்றி, ஹேர் டிரையரால் உலர்த்த வேண்டும். ஊறிய பலகையை மறுநாள் வரை அச்சிலேயே விட்டுவைப்பது உத்தமம்.

இப்படிப் பலகையின் தட்டையான முகத்தைச் சுற்றி வளைக்கும் முகவளைவைப் பக்கவளைவுக்கு முன் செய்யக் கூடாது. ஒருமுறை சுருண்ட பலகையைத் தட்டையாகக் கிடத்தினால், கொடுத்த வளைவு போய்விடும்.

7. பின்புற முறுக்கு

பின்புறத்தில் உடலின் அடிப்பகுதி தட்டையாகத் தொடங்கி, பின்கம்பத்தை நெருங்கும்போது நிமிர்ந்துவிடுகிறது. அங்கே செல்லும் பலகை நீளவாக்கில் முறுக வேண்டும். ஒரு முனையை மேசை விளிம்பில் கிளாம்பால் பிடித்து, மறுமுனையை இன்னொரு சிறு கிளாம்பால் பற்றித் தேவைக்கும் சற்று அதிகமாகத் திருப்பி, சூடு காட்டி, அப்படியே ஆறவிட வேண்டும். முறுக்கு ஏற்றாமல் பலகையை ஒட்டினால், பசை காய்ந்த பின்னும் அது ஓயாமல் விடுபடப் பார்க்கும்.

8. விளிம்பு சாய்த்தலும் ஒட்டுதலும்

உடல் குவிந்து வளையும் இடத்தில், சதுர விளிம்புள்ள இரண்டு பலகைகள் உட்புறத்தில் தொட்டுக்கொண்டு வெளிப்புறத்தில் பிளந்து நிற்கும். புதிய பலகையின் மேல் விளிம்பில், உட்பக்க மூலையை இரண்டு மூன்று இழைப்பில் சாய்த்துவிட்டால் வெளிப்புறம் நெருங்கிச் சேரும்.

பசை தடவும் முன் பலகை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் சட்டங்களிலும் முந்தைய பலகையின் விளிம்பிலும் மெலிதாகத் தடவி, அணியத்தின் காடியில் முனையை முதலில் பொருத்தி, அங்கிருந்து பின்னோக்கி அமர்த்திக்கொண்டே வர வேண்டும். வெளியே கசிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது.

பலகையின் ஊடாகக் குண்டூசி அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஊசியைப் பலகையின் கீழ் விளிம்பை ஒட்டிச் சட்டத்தில் குத்தினால், பலகை மேல்நோக்கி நெருங்கி நிற்கும்; பிளவும் வராது, துளையும் தெரியாது.

ஒரு பக்கத்தில் ஒரு வரிசை போட்டால் அடுத்தது மறுபக்கத்தில்தான். ஒரே பக்கத்தில் ஐந்தாறு வரிசைகளைத் தொடர்ந்து ஒட்டிவிட்டால், அந்த இழுப்பில் ஏராவே ஒரு பக்கம் வளைந்துவிடும். அதன்பின் அதை நேராக்க வழியில்லை.

9. ஏராவை ஒட்டிய வரிசையும் நடுவில் நுழையும் பலகைகளும்

மேலிருந்து ஐந்தாறு வரிசைகள் முடிந்ததும், ஏராவை ஒட்டிய முதல் பலகையைப் போட்டுவிட வேண்டும். இந்தப் பலகையை முன்கம்பத்தின்மேல் உயரே ஏறவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அது ஏறினால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு வரிசையும் அணியத்தில் நெருக்கப்படும்; முப்பதாவது வரிசைக்கு வரும்போது இடமே இருக்காது. ஏரா வளைந்து முன்கம்பமாக எழத் தொடங்கும் இடத்திலேயே இதன் நுனி நின்றுவிட வேண்டும். மேல் விளிம்பு ஏராவுக்கு ஏறத்தாழ இணையாகவே ஓட வேண்டும்.

அணியத்தில் வரிசையின் அகலம் 2 மி.மீ.க்குக் கீழே போகுமானால், இரண்டு வரிசைகளை ஒன்றாக்க வேண்டும். பலகைகளைக் கூர்நுனியாகச் சீவி முடிப்பது அசல் கப்பலில் இல்லாத வழக்கம். அத்தகைய நுனியில் ஆணி நிற்காது. அடுத்த பலகையில் ஒரு படி வெட்டி, முடிகிற பலகையின் மழுங்கிய முனை அதில் உட்காருமாறு செய்ய வேண்டும். பின்புறத்தில் இடம் மிகும்போது இதே படியைத் திருப்பிப் பயன்படுத்தி, ஒரு குறும்பலகையை நுழைக்கலாம்.

10. கடைசி வரிசையும் தேய்ப்பும்

மேலிருந்து வந்த வரிசைகளும் கீழிருந்து வந்த வரிசைகளும் சந்திக்கும் கடைசி இடைவெளியைக் கூர்மையான முகவளைவு இல்லாத தட்டையான பகுதியில் வருமாறு முன்பே திட்டமிட வேண்டும். அந்த இடைவெளி ஒருபோதும் நேராக இருக்காது. காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இரு விளிம்புகளும் பதியும். அதைத் தகட்டுப் பலகைக்கு மாற்றி, அரை மி.மீ. கூடுதலாக வெட்டி, இரு விளிம்புகளையும் உட்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்த வேண்டும்.

எல்லாம் காய ஒரு நாள் விட்டு, 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 320 என்று போக வேண்டும். நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மேடு தெரிகிற இடத்தை மட்டும் அழுத்தித் தேய்ப்பதைவிட, முதலில் உட்புறத்திலிருந்து விளக்கைக் காட்டிப் பார்ப்பது பாதுகாப்பானது. ஒளி ஊடுருவத் தொடங்கும் இடத்தில் பலகை மெலிந்துவிட்டது என்று பொருள். அங்கே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, உட்புறத்தில் மெல்லிய துண்டு ஒன்றை ஒட்டித் தாங்கல் கொடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.